கடிதத்தின் மறுபாதி

மயிலாப்பூரில் டிராம் காலை ஐந்தரை மணிக்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும், ஆகவே சரியாக ஆறு மணிக்கு வந்து சேர முடியாது, ஆறரைக்குள் வந்துவிடுகிறேன். 1915 ஏப்ரலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை காந்திக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இப்படி ஒரு செய்தி வருகிறது. காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியா வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சென்னை வந்தவர் ஜார்ஜ் டவுன் தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். மயிலாப்பூரில் குடியிருந்தார்.

இந்த டிராம் செய்தியைக் கேட்டதும் நம் கை தானாக ஒரு வாக்கியத்தை எழுதப் பார்க்கும்: கப்பல் விட்டவர் டிராமுக்குக் காத்திருந்தார். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். பொய்யும் இல்லை. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டவர்தான் அவர். ஆனால் அந்தக் கடிதத்தில் கப்பல் இல்லை. புலம்பலும் இல்லை. ஆறு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறீர்கள், அரை மணி தாமதமாகும், காரணம் இது, அவ்வளவுதான். நேரம் தவறக் கூடாது என்று நினைக்கிற ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலுக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறார். கப்பலை அதில் ஏற்றுவது நாம்.

அந்தச் சில நாட்களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் இதைவிடச் சுவாரசியமான ஒன்று நடந்திருக்கிறது. சந்திக்க வேண்டும் என்று வ.உ.சி. எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வாருங்கள், சில நிமிஷங்கள் தர முடியும் என்று காந்தி பதில் போடுகிறார். ஊரெல்லாம் வரவேற்புக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது சாதாரணப் பதில். வ.உ.சி.க்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். நான் பேச வேண்டியது நீங்கள் சொல்லும் சில நிமிஷங்களில் அடங்காது, உங்கள் பொன்னான நேரத்தில் குறுக்கிட்டதற்கு மன்னியுங்கள் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறார். காந்தி விடவில்லை. என்னைப் பார்க்க உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் போகட்டும், உங்களைப் பார்க்க எனக்கு விருப்பம், நீங்கள் வந்து எனக்குச் சில நிமிஷங்கள் தாருங்கள் என்று எழுதுகிறார். அதே நிமிஷங்கள்தான், கொடுக்கிறவர் மாறிவிட்டார். இதற்குப் பிறகுதான் டிராம் கடிதம் வருகிறது. ரோஷம் தணிந்து, வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மனிதரின் கடிதம் அது. அரை மணி தாமதத்தை விளக்கும் அந்த வரியில் ஒரு சமாதானம் இருக்கிறது. தனியாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் அது கண்ணில் படாது.

எனக்கு இங்கேதான் விஷயம் இருக்கிறது. தலைவர்களின் கையெழுத்துக் கடிதம் என்றதும் நாம் ஒற்றைத் தாளை நினைக்கிறோம். பழுத்த காகிதம், சாய்ந்த எழுத்து, கீழே கையொப்பம். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஆகஸ்ட் 15 காலை எட்டு மணிக்குள் இப்படிப்பட்ட படங்கள் வந்துவிடும். கொடி, வணக்கம், அப்புறம் மஞ்சள் பின்னணியில் ஒரு கடிதம். அதில் பாதி, கையெழுத்துப் போலவே செய்த கணினி எழுத்துருவில் இருக்கும். காந்தியின் கையெழுத்தைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு அழகாக இருக்க வாய்ப்பில்லை என்று உடனே தெரிந்துவிடும். தன் கையெழுத்து மோசம் என்பதில் அவருக்கே வாழ்நாள் முழுக்க வெட்கம் இருந்தது. கையெழுத்து நன்றாக இல்லாதது அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்று சுயசரிதையில் நொந்துகொண்டிருக்கிறார். 1909இல் கில்டோனன் காசில் கப்பலில் பத்து நாளில் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதியபோது வலது கை ஓய்ந்துபோய், 275 பக்கத்தில் சுமார் நாற்பது பக்கத்தை இடது கையால் எழுதினார். வந்த உறைகளைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுகிற பழக்கமும் உண்டு. இப்படிப்பட்டவரின் எழுத்தைத்தான் நாம் கல்யாணப் பத்திரிகை எழுத்தாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கையெழுத்தை வணங்குவது சுலபம். கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் சங்கடம். ஏனென்றால் தனிப்பட்ட கடிதம் பெரும்பாலும் எதையாவது கேட்கும். பணம், நேரம், சிபாரிசு, மருந்து, பதில்.

வ.உ.சி.–காந்தி கடிதங்களில் பணப் பேச்சு வருகிறது. எடுத்தவர் காந்திதான். சில வருஷங்களுக்கு முன் உங்களுக்காகத் தென்னாப்பிரிக்காவில் வசூலித்த பணம் என் கையில் கொடுக்கப்பட்டது, அது உங்களுக்கு வந்து சேர்ந்ததா, அனுப்பியதாக நினைத்திருந்தேன், தேடினால் தடயம் கிடைக்கவில்லை என்று அவரே கேட்கிறார். வரவில்லை என்கிறார் வ.உ.சி. அவருடைய நிலைமை அப்போது மோசம். 1908இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே கொடுத்த நாற்பது வருஷத் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்து, கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் கிடந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தவர். வக்கீல் சன்னது போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. குடும்பம் தென்னாப்பிரிக்கத் தமிழ் நண்பர்கள் அனுப்பிய உதவியில்தான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் வேண்டுமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நிலையில் வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறு செய்தவனாவேன் என்கிறார். தியாகிகள் இப்படிப் பேச மாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிலையின் வாயில் இந்த வாக்கியத்தை வைக்க முடியாது.

பிறகு மாதக்கணக்கில் கடிதங்கள். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காந்தி தென்னாப்பிரிக்காவுக்கு எழுதி விசாரிக்கிறார். வ.உ.சி. நினைவூட்டுகிறார். கடைசியில் 1916இன் தொடக்கத்தில் பணம் வந்து சேர்கிறது. 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதப் போக்குவரத்தைத் துப்புத் துலக்கி 2021இல் புத்தகமாக்கியபோது இந்தத் தொகையையே தலைப்பில் வைத்தார். இதை வைத்துக்கொண்டு காந்தி வ.உ.சி.யின் பணத்தை அமுக்கிவிட்டார் என்று பேசித் திரிகிற ஒரு கூட்டம் உண்டு. முதலில் கேட்டவரே அவர்தான் என்பதைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

அந்தப் பன்னிரண்டு அணாவை நான் விட்டுவிடத் தயாராக இல்லை. முன்னூற்றைம்பது என்று முழுசாக்கி அனுப்பியிருந்தால் அது நன்கொடை ஆகியிருக்கும். முக்கால் ரூபாய் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது கணக்கு. ஊரான் பணம் கையில் இருந்தால் கடைசிக் காசுவரை ஒப்படைக்க வேண்டும் என்கிற புத்தி. அன்றைய மாற்று விகிதப்படி ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ். பெருக்கிப் பார்த்தால் இருபத்துமூன்று பவுனுக்குச் சற்று மேல் வருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய கூலிகள் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் போனவர்களின் ஆரம்ப மாதச் சம்பளமே பத்து ஷில்லிங்தான். அந்த வரி 1914இல்தான் ஒழிந்தது. அப்படி ஓர் ஊரில், பார்த்தேயிராத ஒரு தூத்துக்குடிக்காரருக்காகத் தமிழர்கள் பணம் போட்டிருக்கிறார்கள். கடிதங்களில் அவர்கள் பேச மாட்டார்கள். தொகையின் வாலில் ஒட்டியிருக்கும் அணாக்களில் இருக்கிறார்கள்.

மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போகும் பேருந்தில் கிண்டிப் பக்கம் இறங்கினால் காந்தி மண்டபம். 1956இல் திறந்தது. வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கு அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுவார்கள். செக்கைப் பார்த்தால் எதுவும் கேட்கத் தோன்றாது. கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். கல்லுக்கு அந்தக் குணம் உண்டு. காந்தி மண்டபத்தில் வ.உ.சி.யின் செக்கு, அந்தச் செக்கிழுத்தவரோ காந்திக்கு நினைவூட்டல் கடிதம் எழுதியவர். அந்த வளாகத்தில் அந்தக் கடிதங்களின் நகல் ஒன்றைச் சுவரில் மாட்டினால் பிள்ளைகளில் ஒருத்தியாவது, மிஸ், அப்புறம் பணம் குடுத்தாரா என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே மாட்டலாம்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் எழுதியவர்கள் அல்லர். கடிதத்தைப் போட்ட பிறகு அது எழுதியவர் கையில் இல்லை. வாங்கினவர் வைத்திருந்தால் உண்டு, கிழித்துப்போட்டால் இல்லை. இந்தச் சாதாரண உண்மையை நாம் கவனிப்பதேயில்லை. கடித இலக்கியம் என்று பாடத்திட்டத்தில் வைத்து, நேரு, காந்தி, மு.வ., அண்ணா என்று எழுதியவர்களை அடுக்குகிறோம். வைத்திருந்தவர்கள் பட்டியல் எங்கும் இல்லை. உ.வே.சாமிநாதையர் இதில் ஒரு பெரிய விதிவிலக்கு. தனக்கு வந்த கடிதங்களை அவர் பத்திரப்படுத்தியதால்தான் 1877 முதல் 1900 வரையிலான எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை நூலாகத் தொகுக்க முடிந்தது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவருக்குத் தாளின் அருமை தெரியாமலிருக்குமா? பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஓலைச்சுவடிகளைவிட இந்தக் கடிதக்கட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

சாதாரண வீடுகளிலும் ஒருகாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. மரக்கட்டையில் செருகிய கம்பி, அல்லது ஆணியில் தொங்கும் கொக்கிக் கம்பி. வருகிற தபாலைப் படித்து முடித்ததும் அதில் குத்திவைத்துவிடுவார்கள். கார்டு, இன்லண்ட் லெட்டர், மின்சாரக் கட்டண ரசீது, பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது எல்லாம் ஒரே கம்பியில் காலவரிசைப்படி. என் அப்பாவின் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே இடத்தில் ஓட்டை, ஓரத்தில் துருவின் பழுப்பு. மேலே பிள்ளையார் சுழி, வலது மூலையில் ஊரும் தேதியும், நலம் நலமறிய அவா. அந்த ஓட்டை சரியாக ஏதாவதொரு முக்கியமான சொல்லின் மேல் விழுந்திருக்கும். அத்தை எழுதிய ஒரு கார்டில் கடன் தொகையின் முதல் இலக்கத்தைக் கம்பி தின்றுவிட்டது. கேட்டது இருநூறா ஐந்நூறா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒருமித்த கருத்தில்லை. கருமாதிக் கடிதம் மட்டும் கம்பிக்கு வராது. வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள்.

அந்தக் கம்பிகள் இப்போது எங்கே போகின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும். மாம்பாக்கம் சாலைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. தனி வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டுகிற பகுதி என்பதால், பெரியவர்கள் காலமானதும் பரண் காலியாகி நேரே அங்கே வரும். ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் சணல் கயிறு போட்டுக் கட்டிய கடிதக்கட்டு கிடந்தது. நீல இன்லண்டுகள்.

“இதெல்லாம் எங்கப்பா போகும்?”

“மில்லுக்கு சார். கூழாக்கி அட்டை போட்டுருவாங்க.”

“யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களா?”

“ரப்பர் பேண்டு, குண்டூசி இருந்தா எடுத்துருவோம் சார். மில்லுல திட்டுவான்.”

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டிக்கொடுத்த வீட்டாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். எழுநூறு சதுர அடி வீட்டில் ஒரு தலைமுறையின் தபாலை எங்கே வைப்பது? ஆனால் வ.உ.சி.யின் கடிதங்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. வேங்கடாசலபதி ‘வ.உ.சி. கடிதங்கள்’ தொகுப்பை வெளியிட்டது 1984இல். அப்போது அவர் இருபது வயதைத் தொடாத பையன். அந்த வயதுப் பையன் ஒருவன் வந்து பழைய கடிதம் இருக்கிறதா என்று கேட்டதும் எடுத்துக் காட்ட அந்தந்த வீடுகளில் ஏதோ மிச்சமிருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

வைத்திருப்பது வாங்கினவரின் வேலையில் ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி, கேட்டதைச் செய்வது. அதற்கு உதாரணம் தேடி நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. எங்களுக்குப் பக்கத்துப் புறநகரான குரோம்பேட்டையில் வாழ்ந்தவர் பரலி சு.நெல்லையப்பர். 1889இல் பிறந்து 1971இல் மறைந்தவர். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியில் இளைஞராக வேலை பார்த்தார். வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தபோது அவருக்கு உதவுவதற்காகவே கோவைப் பக்கம் போய்த் தங்கினார். 1915 ஜூலை 19ஆம் தேதி புதுச்சேரியிலிருந்து பாரதி இவருக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். தம்புச் செட்டித் தெருவுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே அந்தக் கடிதங்கள் பறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கடிதத்தைப் பாரதியின் உரைநடைச் சிகரங்களில் ஒன்று என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அது ஒரு வேலைப் பட்டியலாகத்தான் படுகிறது. ஒரு தம்பிக்கு அண்ணன் விதிக்கிற, யாராலும் முடிக்க முடியாத வேலைப் பட்டியல். மனசை விரித்துக்கொள், பற. தமிழ்நாட்டின் நோய் தீர எழுது. தெருத்தெருவாகத் தமிழ்ப் பள்ளிக்கூடம் பெருக வேண்டும் என்று எழுது. தொழில் பெருக வேண்டும் என்று கூவு. சாதி ஒன்றுதான் என்று சொல், ஆணும் பெண்ணும் சமம் என்று சொல். இருபத்தைந்து வயதுப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் இவ்வளவையும் கேட்கிறார், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கால்வைக்க முடியாமல் புதுச்சேரியில் முடங்கிக் கிடந்த கவிஞர். கடிதத்தில் பணம் கேட்கவில்லை. அதைவிடச் சுமையானதைக் கேட்டிருக்கிறார்.

இத்தனை பரவசமான ஒரு கடிதம் கைக்கு வந்தால் பெரும்பாலோர் என்ன செய்வோம்? நாலு பேருக்குப் படித்துக் காட்டுவோம். நெல்லையப்பர் 1917இல் பாரதியின் பாட்டுகளை அச்சுக்குக் கொண்டுபோனார். கண்ணன் பாட்டு, நாட்டுப் பாட்டு, பாப்பா பாட்டு, முரசுப் பாட்டு எல்லாம் அந்த ஓர் ஆண்டில் அவர் கையால் புத்தகமாக வெளிவந்தவை. பாரதி உயிரோடு இருந்தபோது அவர் எழுத்துக்குப் பதிப்பாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. காகிதம் வாங்கி, அச்சகத்துக்காரரைச் சமாளித்து, பிழை திருத்தி, கட்டுக்கட்டாக ஏஜெண்டுக்கு அனுப்பி, பாக்கி வசூலிக்க அலைகிற வேலையில் பரவசம் எதுவும் இல்லை. பதில் கடிதம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சின்னப் புத்தகங்களைத்தான் சொல்வேன். பின்னால் வ.உ.சி.யின் சரித்திரத்தையும் எழுதினார். லோகோபகாரி பத்திரிகையை நடத்தினார்.

குரோம்பேட்டையில் இன்று அவர் பெயரில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. தெருத்தெருவாகப் பள்ளிக்கூடம் கேட்ட கடிதத்தை வாங்கினவர் பெயரிலேயே பள்ளிக்கூடம் என்பதில் ஒரு கவிதை நயத்தைக் கண்டுபிடிக்கலாம். நான் அதற்குப் போகவில்லை. பெயர் வைத்தவர்கள் கடிதத்தை நினைத்து வைத்தார்களா, அவருடைய பொதுவாழ்வை நினைத்து வைத்தார்களா என்பதெல்லாம் வேறு பேச்சு. மேடவாக்கத்தில் மேம்பாலத்துக்கு அடியில் தேர்வாணையப் பயிற்சி நிலையங்களின் தட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அங்கே படிக்கிற எங்கள் எதிர்வீட்டுப் பெண் வைத்திருந்த வினா வங்கியில், பாரதியார் தம்பி என்று அழைத்தது யாரை என்ற கேள்வி இருந்தது. நாலு விடைகளில் ஒன்று நெல்லையப்பர். அவள் சரியாகக் குறித்திருந்தாள்.

“இவர் இங்கதான் குரோம்பேட்டையில இருந்தார், தெரியுமா?”

“அப்படியா அங்கிள்? ஆனா அதெல்லாம் கேக்க மாட்டாங்க,” என்றாள். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன், “தம்பின்னா சொந்தத் தம்பியா?” என்று கேட்டாள். இல்லை, கடிதம் வாங்கின தம்பி என்றேன். “வாங்கிட்டு என்ன பண்ணார்?” என்றாள். 1917ஆம் வருஷத்துப் புத்தகங்களின் பெயர்களைச் சொன்னேன். வினா வங்கியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள், கேட்டாலும் கேட்பார்கள் என்று.